வாய் திறக்காத சீலா

புருஷன் மரியானின் வள்ளத்தில் ஷெர்லி ஏறிய முதல் நாள், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் பதில் வைத்திருந்தாள். சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, மண்ணெண்ணெய் கேனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தாள்.

ஐப்பசியில் விசைப்படகு ஒன்றில் கூலிக்குப் போனபோது மரியானின் வலது கை வலை இழுக்கிற வின்ச்சுக் கயிற்றில் சிக்கிவிட்டது. பாளையங்கோட்டையில் டாக்டர்கள் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டு விரல் மடங்காது. மற்றவை பாதி மடங்கும். என்ஜின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப அது போதும். பாய்கிற மீனின் தூண்டில் கயிற்றைப் பிடித்து நிறுத்தப் போதாது. கூடவே தொழிலுக்கு வந்துகொண்டிருந்த மச்சானும் பஹ்ரைனுக்குப் போய்விட்டான். வள்ளம் கரையில் கிடந்தது. மரியானும் அதைப் போலவே அடுக்களைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் கிடந்தான். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒரு சொல்லில்.

வேம்பாரிலிருந்து ஒருத்தர் வள்ளத்தை விலைக்குக் கேட்டு வந்தபோது, "எடுத்துக்கிடுங்க" என்று சொல்ல மரியான் வாயைத் திறந்தேவிட்டான். ஷெர்லி குறுக்கே விழுந்தாள்.

"ஈஸ்டர் வரைக்கும் பொறுங்க. அதுக்குப் பொறவு பேசுவோம்."

அவர் போனபிறகு மரியான் கேட்டான். "ஈஸ்டருக்குள்ள என்ன நடந்திரும்?"

"நான் வாரேன்."

"எங்க?"

"கடலுக்கு. நீரு என்ஜினைப் பிடியும், நான் கயித்தைப் பிடிக்கேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மீன் அவளுக்குப் புதிது இல்லை. கல்யாணத்துக்கு முந்தி எட்டு வருஷம் ஏற்றுமதிக் கம்பெனியில் மீன் வெட்டியவள். செத்த மீனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கொஞ்சம்தான். உயிரோடு இருக்கிற மீன்தான் வேறு மாதிரி என்பது வள்ளத்தில் ஏறியபிறகு தெரிந்தது.

மாசி மாதம். வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்திருந்தது. துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல்கள் முறைக்குக் காத்து நின்றன. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் விரல் உயரத்துக்குச் சிறுத்துப்போகிற தூரத்தில், முத்துச்சிப்பி விளைகிற கடலடிப் பாறைத்திட்டான பாரின் ஓரத்தில், வெளியூரில் வஞ்சிரம் என்று சொல்கிற சீலா வந்து நின்றது. வந்து நின்றதென்றால் கண்ணுக்கு முன்னாலேயே ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. ஆனால் ஒருத்தர் தூண்டிலிலும் வாய் வைக்கவில்லை. சுற்றி நின்ற வள்ளங்களுக்கும் இதே கதைதான்.

மரியான் தன்னிடம் இருந்த பொய்மீன்களையெல்லாம் போட்டுப் பார்த்தான். சிவப்புத் தலை வைத்த ரப்பர் மீன், கோழியிறகு கட்டிய தூண்டில், வளைந்த தகட்டுக் கரண்டி. வள்ளம் ஓட, ஷெர்லி கயிற்றை விரலில் வைத்துக்கொண்டு இழுத்தாள். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சீலா பின்னாலேயே வருவது தெரிந்தது. வரும். பொய்மீனுக்கு ஒரு சாண் பின்னால் நின்று பார்க்கும். திரும்பிப் போய்விடும்.

"பாத்துட்டுப் போகுது," என்றாள் ஷெர்லி. "கடையில துணி எடுக்க வந்த மாதிரி."

மரியான் பொய்மீன்களைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

அடுத்து செத்த சாளை மீனை முழுசாகக் கோத்துப் போட்டார்கள். இழுத்துப் பார்த்தால் சாளையின் பின்பாதி கத்தி வைத்து அறுத்தது போலப் போயிருந்தது. தலையும் அதில் கோத்த தூண்டில் முள்ளும் மட்டும் மிச்சம். வால் பக்கத்தில் இன்னொரு முள்ளைச் சேர்த்துக் கட்டச் சொன்னான் மரியான். கட்டினாள். சாளை விறைத்துப்போய் குச்சி மாதிரி வந்தது. சீலா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அம்ஜத் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தான். காயல்பட்டினத்துக்காரன், பத்து வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவன். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் இதே சீலாவைப் பிடிப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. ஷெர்லி போய் நின்றதும், கண்ணாடிப் பெட்டியிலிருந்து முதுகு நீலமும் வயிறு வெள்ளியுமாக ஒரு பொய்மீனை எடுத்துக் கொடுத்தான்.

"அக்கா, இதை இழுத்தா முங்கிப் போயி நெளிஞ்சு வரும். மஸ்கட்ல இதுக்குத் தப்புன மீனு கெடையாது. நம்ம ஊர்ல எப்படின்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். போட்டுப் பாத்துட்டுக் கொண்டாங்க, புடிச்சா வச்சுக்கிடுங்க."

போட்டுப் பார்த்தாள். முங்கியது, நெளிந்தது, பார்க்க அழகாக இருந்தது. மூன்று சீலாக்கள் வரிசையாக வந்து அதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின.

அன்றைக்குத்தான் மரியான் வெடித்தான்.

"போதும்ளா! நாலு ஊரு பாக்க உன்னையும் வெயில்ல காயப்போட்டு, மீனும் இல்ல. அந்த வேம்பார்க்காரருக்குப் போனைப் போடுதேன்."

"மீனு வாய் தொறக்கலன்னா என் மேல ஏன் விழுதீரு?"

"உன் மேல விழல. இந்தக் கையி மேல விழுதேன்," என்று அவன் வலது கையை வள்ளத்து விளிம்பில் ஓங்கி அடித்தான். வலித்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல் ஷெர்லி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு, தொழில் இல்லை. திங்கள் காலையில் ஏலக்கூடத்தில் சத்தம் கேட்டு ஷெர்லி போனாள். வலை போட்ட ஒரு வள்ளத்துக்கு ஒற்றைச் சீலா மாட்டியிருந்தது. வாங்கினவர் அதை அங்கேயே துண்டு போடச் சொன்னார். வெட்டுகிற பெண்ணுக்குப் பக்கத்தில் ஷெர்லி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கம்பெனியில் ஆயிரக்கணக்கில் வயிற்றைக் கிழித்திருக்கிறாள். ஒருநாளும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. கழுவித் தள்ளுவதற்கே நேரம் சரியாக இருக்கும்.

"அந்தக் குடலை எனக்குத் தா," என்றாள்.

இரைப்பையைப் பிதுக்கினாள். நெத்திலி. சுண்டுவிரல் நீளத்துக்குக் கொத்துக் கொத்தாக நெத்திலி. வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து மரியானின் முன்னால் வாழையிலைத் துண்டில் அவற்றைக் கொட்டினாள். அவன் முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு குனிந்து பார்த்தான்.

"இம்புட்டுப் பெரிய மீனு இதைத் திங்கவா?"

"இதை மட்டுந்தான் திங்குது. அதான் நம்ம சாளைய மதிக்க மாட்டேங்குது."

"நெத்திலிய எந்த முள்ளுல கோக்க? நம்ம முள்ளு அதைவிடப் பெருசுல்லா."

"சின்ன முள்ளு அம்ஜத் பாய்ட்ட இருக்கு."

"முள்ளு இருக்கும். கம்பிக்கு என்ன செய்வ?" அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். சீலாவின் பல்லுக்குத் தங்கூஸ் என்கிற நைலான் நூல் தாங்காது, ஒரே கடியில் நறுக்கிவிடும். அதனால் முள்ளுக்கு முன்னால் ஒரு முழம் இரும்புக் கம்பி வைத்தாக வேண்டும். "நெத்திலிக்கு முன்னால நம்ம கம்பியக் கட்டுனா கொசுவுக்குச் சங்கிலி போட்ட மாதிரி இருக்கும். தண்ணி இருக்க தெளிவுக்கு அது பாத்துச் சிரிக்கும்."

"அப்ப மெல்லிசுக் கம்பி."

"எவ்வளவு மெல்லிசு? தலமுடி கணக்கா வேணும். எங்க போயி வாங்க?"

மாதாகோயில் பாடகர் குழுவில் ஐந்தாறு வருஷம் பாடினவள் ஷெர்லி. கிட்டார் வாசிப்பவர் வாராவாரம் முதல் கம்பி அறுந்துபோகிறது என்று புலம்புவது ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து போய், அவரிடமிருந்து உறையைப் பிரிக்காத இரண்டு கம்பிகளோடு திரும்பி வந்தாள்.

மரியான் அதை இடது கையால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அடியே... இது சரியா வரும் போலிருக்கே," என்றான். ஐப்பசிக்குப் பிறகு அவன் குரலில் அப்படி ஒரு ஏற்றத்தை அவள் கேட்டதில்லை. "ஆனா ஒண்ணு. இழுத்துப் புடிச்சா பட்டுனு போயிரும். விட்டுத்தான் புடிக்கணும். எனக்கு அது ஒருநாளும் வராது. நான் வம்படியா இழுக்கவன்."

"எனக்கு வரும்," என்றாள் ஷெர்லி. "உம்மோட இத்தன வருஷம் குடும்பம் நடத்துதேன்லா."

அவன் சொல்லச் சொல்ல அவள் முடிச்சுப் போட்டாள். கம்பியை முறுக்கித் திருப்பி, முனையை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்து, வழுக்கினால் அவிழ்த்து மறுபடி போட்டாள். "இன்னும் ரெண்டு சுத்து. ம். இப்ப எச்சி தொட்டு இறுக்கு." அம்ஜத்திடம் வாங்கி வந்த சின்ன முள், உறுதியானது, கறுப்பு நிறம், மின்னாது.

அடுத்த நாள் பாரின் ஓரத்துக்குப் போனதும் ஷெர்லி சொன்னாள். "என்ஜினை நிறுத்தும்."

"ஓடாம எப்படிச் சீலா கடிக்கும்?"

"நெத்திலி என்ன ஓட்டமா ஓடுது? கூட்டமா நின்னு மினுங்கும். நிறுத்தும்."

நிறுத்தினான். வள்ளம் நீரோட்டத்தோடு தானாக நகர்ந்தது. அவள் ஒரு கை நெத்திலியை அள்ளித் தண்ணீரில் தூவினாள். அவை மினுங்கிக்கொண்டே இறங்கின. பிறகு முள்ளில் இரண்டு நெத்திலியைச் சேர்த்துக் கோத்து அவற்றின் நடுவே விட்டாள். கயிறு போகப்போக விட்டுக்கொண்டே இருந்தாள். விரல் அறுபடாமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருந்தாள்.

முதலில் ஒரு இழுப்பு. ஷெர்லி பதறிப்போய் இறுக்கிவிட்டாள். கயிறு தளர்ந்தது. எடுத்துப் பார்த்தால் கம்பி நடுவில் அறுந்திருந்தது.

"போச்சு," என்றாள். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

"எங்க போச்சு? வாய் தொறந்துட்டுல்லா!" மரியான் எழுந்தே நின்றுவிட்டான். "இன்னொரு கம்பி இருக்குல்லா? கட்டு, சீக்கிரம் கட்டு!"

கட்டினாள். மறுபடி தூவினாள், மறுபடி விட்டாள். காத்திருந்தார்கள். தூரத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. கயிறு விரலில் லேசாகத் துடித்தது, நின்றது, பிறகு பறந்தது. மர வட்டில் சுற்றியிருந்த தங்கூஸ் துள்ளித் துள்ளி அவிழ்ந்தது.

"விடு! விடுளா, புடிக்காத!"

"விடுதேன், கத்தாதீரும்!"

டியூபையும் மீறி விரல் சுட்டது. வட்டில் நூல் குறைந்துகொண்டே போனது. இன்னும் பத்து பாகம், அறுபது அடி, இருக்குமோ என்னவோ. முடிந்துவிட்டால் கம்பி அறுவதைத் தவிர வேறு வழி இல்லை.

"அது போற பக்கம் வள்ளத்தைத் திருப்பும்!" என்று ஷெர்லி கத்தினாள்.

மரியான் ஒரு கணம் திகைத்தான். பதினைந்து வயசிலிருந்து மீனை வள்ளத்துக்கு இழுத்துத்தான் அவனுக்குப் பழக்கம். வள்ளத்தை மீனிடம் கொண்டுபோனதே இல்லை. அடுத்த கணம் என்ஜின் கயிற்றை இழுத்துக் கிளப்பினான். மடங்காத விரல்களையும் சேர்த்து உள்ளங்கையால் கைப்பிடியை அழுத்தி வள்ளத்தின் மூக்கைத் திருப்பினான். கயிறு தளரத் தளர ஷெர்லி சுருட்டினாள். மீன் இடப்பக்கம் வெட்டினால் அவனும் வெட்டினான். அது கீழே இறங்கினால் வேகத்தைக் குறைத்தான். அவள் சொல்வதற்கு முன்னாலேயே வள்ளம் திரும்பத் தொடங்கியது. கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்து, கண்ணிமைக்காமல் ஓட்டினான். அந்தக் கை, இத்தனை மாதம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அதே கை, ஒருமுறைகூடத் தவறவில்லை.

மீன் களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்தது. மரியான் என்ஜினை நிறுத்திவிட்டு, இடது கையில் கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு குனிந்தான். முதல் வீச்சு தப்பி, கிட்டார் கம்பிக்கு அரை விரல் தள்ளிப் போனது. ஷெர்லி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மீன் வள்ளத்துக்குள் கிடந்து தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆறேழு கிலோ இருக்கும். சின்ன முள் உதட்டோரத்தில் குத்தியிருந்தது. கிட்டார் கம்பி சுருண்டு ஸ்பிரிங் மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு இழுப்புக்குத் தாங்கியிருக்காது.

இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது மரியான் பேசினான். கரை வரும்வரை பேசிக்கொண்டே வந்தான். எந்த இடத்தில் மீன் வெட்டியது, அவள் எப்போது விட்டது சரி, எப்போது விட்டிருக்க வேண்டும், முதன்முதலில் அவன் சீலா பிடித்தபோது என்ன நடந்தது, மஸ்கட்காரனின் நீல மீனை மழைக்காலத்துக் கலங்கலில் போட்டால் ஒருவேளை எடுக்கும், அதைக் கேட்டு வாங்கி வைக்கணும் என்று இடைவிடாமல் பேசினான். என்ஜின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. ஷெர்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கரையில் மீனைப் பார்க்கக் கூட்டம் கூடியது. "மரியான், எதுல வாய் வச்சுது?" என்று ஒருத்தர் கேட்டார்.

"அவட்ட கேளுங்க. அவதான் புடிச்சா. நான் வண்டி ஓட்டுனேன்," என்றான்.

ஷெர்லி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஆளாளுக்கு வாங்கிப் போனதில், மறுவாரம் கோயில் கிட்டார்க்காரர் கம்பிக்கு அலைய வேண்டியதாகிவிட்டது. அம்ஜத் சுதாரித்துக்கொண்டு, மதுரையிலிருந்து மெல்லிய கம்பிச் சுருள்களை வரவழைத்துக் கடையில் தொங்கவிட்டான்.

எல்லா நாளும் மீன் கிடைத்துவிடவில்லை. ஒரு வாரம் நெத்திலியில் எடுத்தது. அடுத்த வாரம் அதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வெறுங்கையோடு வந்த நாளிலும் மரியான் நாற்காலிக்குத் திரும்பவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் வேம்பார்க்காரர் போனில் கூப்பிட்டார். மரியானே எடுத்தான்.

"இல்லண்ணாச்சி, விக்கலை. தொழிலுக்குப் போறோம்... ஆமா, ஆளு இருக்கு. நல்ல ஆளு."

மறுநாள் பொழுது புலரும்போது அவர்கள் பாரின் ஓரத்தில் இருந்தார்கள். சீலா எழும்பி விழுந்துகொண்டிருந்தது. ஷெர்லி கணவாய்க் குஞ்சைப் போடலாம் என்றாள். உயிரோடு ஒரு முரல் மீன்தான் சரி என்றான் மரியான். அவள் ஏன் என்று கேட்டாள், அவன் காரணம் சொன்னான், அவள் அந்தக் காரணம் சரியில்லை என்றாள். பக்கத்து வள்ளத்தில் இருந்தவர்கள், "ஏய், சத்தம் போடாதிய, மீனு கலைஞ்சிரும்!" என்று சிரித்துக்கொண்டே கூவினார்கள். கடைசியில் ஒரு கயிற்றில் கணவாய், இன்னொன்றில் முரல் என்று முடிவாயிற்று. ஷெர்லி இரண்டையும் தண்ணீரில் விட்டாள்.