கஸ்பாரைப் படுக்க வைப்பது

லிசென்சியாதோ எவரிஸ்தோ மகனுடைய பால்புட்டியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மூடியைத் திருகி முகர்ந்தார். சோப்பு வாசனைதான் வந்தது. அதுதான் அவரை உறுத்தியது. ஒளிக்க ஒன்றுமில்லாத வீட்டில் ஒரு புட்டியை இவ்வளவு சுத்தமாகக் கழுவ வேண்டிய அவசியம் என்ன?

'லிசென்சியாதோ' என்பது பட்டம் வாங்கியவர்கள் எங்கள் நாட்டில் பெயருக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் சொல். மற்றவர்கள் அதை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். எவரிஸ்தோ குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று மெரிதா நகரத்தில் எங்கள் தெருவில் பேச்சு. தலைநகரிலிருந்து நகர அழகுபடுத்தல் துறைக்குத் துணை இயக்குநராக மாற்றலாகி வந்தவர். பக்கத்து வீட்டு நெல்சியைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் வீட்டிலேயே குடியேறினார். பின்கட்டு அறையில் நெல்சியின் அக்கா சோய்லா இருந்தாள். நகரம் அவரால் எந்த அளவுக்கு அழகானது என்று எனக்குத் தெரியாது. அவர் வந்தபிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் மட்டும் தணிந்துபோனது.

கஸ்பாருக்குப் பத்து மாதம். பகலெல்லாம் நாற்காலி, மேசை, நாய், விருந்தாளி என்று எதைப் பிடித்தாவது எழுந்து நிற்பான். இரவு சாப்பாடு முடிந்ததும் எவரிஸ்தோ அவனைத் தொட்டிலில் கிடத்துவார். தேக்கில் செய்து, சுற்றிலும் மரக்கம்பி வைத்து, மெருகேற்றி, தலைநகரிலிருந்து லாரியில் வந்த தொட்டில். முதுகு மெத்தையில் பட்டதும் கஸ்பார் புரண்டு, கம்பியைப் பிடித்து, எழுந்து நிற்பான். படுக்க வைத்தால் மறுபடி நிற்பான். மூன்றாம் தடவை ஒரு காலைத் தூக்கிக் கம்பிமேல் போட்டு, தெருவைப் பார்க்கப் புறப்படுவான். தந்தை தொட்டிலருகே நின்று, "மகனே, தூக்கம் என்பது ஓர் ஒழுக்கம்" என்று தொடங்குவார். அந்தப் பேச்சை இந்த உலகத்தில் முழுசாகக் கேட்டவன் கஸ்பார் ஒருவன்தான். கம்பியைப் பிடித்தபடி, தாளத்துக்கு ஏற்பக் குதித்துக்கொண்டே கேட்பான். கடைசியில் சட்டை நனைந்து, குரல் கம்மி, லிசென்சியாதோ தோற்பார்.

ஆனால் அவருக்குக் கூட்டம் இருக்கும் நாட்களில், திரும்பி வரும்போது கஸ்பார் தொட்டிலில் குப்புறப் படுத்து, வாயோரம் எச்சில் வழிய உறங்கிக்கொண்டிருப்பான்.

"எப்படித் தூங்கினான்?"

"அழகாத் தூங்கினான்" என்பாள் நெல்சி.

சோய்லாவைக் கேட்டாலும் "அழகாத் தூங்கினான்" என்றுதான் வரும். இரண்டு சாட்சிகள் வார்த்தை பிசகாமல் ஒரே பதிலைச் சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று துணை இயக்குநருக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் அடங்காத குழந்தைக்கு லெட்டூஸ் இலையை வேகவைத்து தூக்கம் வர அந்தத் தண்ணீரைப் புகட்டுகிற வழக்கம் உண்டு. அவர் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். லெட்டூஸ் இளைத்திருந்தது. மத்தியானம் அதைத் தின்றது தானேதான் என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பிறகு அலமாரியில் இருந்த, சோம்பு மணக்கும் தேன் மதுவைப் பார்த்தார். பாட்டிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார். இரண்டு நாளில் மது கோட்டுக்கு ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. குழந்தைக்கு மது! உண்மையாகவே பயந்தார். இந்த இடத்தில் அவரைக் கிண்டல் செய்ய எனக்கும் மனம் வரவில்லை.

"அக்கா, குழந்தைக்கு ராத்திரி என்ன குடுக்குறீங்க?"

"பால், மாப்பிள்ளை."

"பாலோட?"

"பாலோட புட்டி."

அன்று இரவே நெல்சியிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். சந்தேகம் நிரூபணமானால் சோய்லா இந்த வீட்டில் இருக்க முடியாது. திங்கட்கிழமை நெல்சி மறுபடியும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போவதாக இருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காவை விட்டால் ஆளில்லை. அக்கா போனால் அந்த வேலையும் போகும். நெல்சி எழுந்து போய்ப் புட்டியைக் கழுவத் தொடங்கினாள். அதையும் அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் "கூட்டம் இருக்கு" என்று டை கட்டிக்கொண்டு வாசல் வழியே போனவர், தெருவைச் சுற்றிக் கொல்லைப்புறமாக வந்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். புளிப்பு ஆரஞ்சு மரத்தடியில் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, சோய்லாவின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன லிசென்சியாதோ, ஏதாவது தொலைஞ்சுபோச்சா?"

"ஆய்வு" என்றார் திரும்பாமல்.

அவர் கண்டது இதுதான். அறைக்குக் குறுக்கே ஒரு தூளி தொங்கியது. எங்கள் ஊரில் பெரியவர்களும் படுக்கிற நூல்வலைத் தூளி. பிறந்தவர்களும் காய்ச்சல்காரர்களும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களும் அதில்தான் கிடப்பார்கள். வீடு கட்டும்போதே சுவரில் கொக்கி பதித்துவிடுவோம். எவரிஸ்தோ வந்த வாரமே, "நாம என்ன மீனா, வலையில கிடக்க?" என்று கேட்டு, முன்கட்டுக் கொக்கிகளைப் பிடுங்கச் செய்திருந்தார். மகன் தூளியில் படுக்கவே கூடாது என்றும் உத்தரவு. இப்போது மகன் அதில்தான், பெரியம்மாவின் வயிற்றின்மேல் இருந்தான். எழுந்து நிற்கப் பார்த்தான். வலை அமுங்கியது. பொத்தென்று உட்கார்ந்தான். பெரியம்மாவின் தலைமயிரைப் பற்றி எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். பிடிக்கக் கம்பி இல்லை, கால் ஊன்றத் தரை இல்லை. சோய்லா அவனைத் தடுக்கவும் இல்லை, படு என்று சொல்லவும் இல்லை. கால் கட்டைவிரலால் சுவரை உந்தியபடி, "திங்கக்கிழமை பீன்ஸும் பன்னிக்கறியும்டா ராசா. பீன்ஸை முந்தின நாளே ஊறப்போடணும். வெங்காயம் யாரு நறுக்குறது, நீயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கஸ்பாரின் தலை சரிந்தது. நெல்சி ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையோடு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். குவளையில் தேன் நிறம்.

வாளிமேல் நின்றவருக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தது சரி. இருவரும் சேர்ந்துதான் என்பதும் சரி. எதில் என்பதுதான் தவறிப்போயிருந்தது. பிறகு, அந்த அறையில் தான் இல்லாதது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை என்பது உறைத்தது. சந்தோஷம் போய்விட்டது. கொசு கடிப்பதும் தெரிய ஆரம்பித்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"எல்லாத்தையும் பாத்துட்டேன்!"

உறக்கத்தின் விளிம்பில் இருந்த கஸ்பார் கண்ணைத் திறந்து, தந்தை நிற்பதைப் பார்த்து, தானும் எழ முயன்று விழுந்தான்.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றாள் சோய்லா. "நீங்க நின்னா அவனும் நிப்பான்."

"என் வீட்ல, எனக்குத் தெரியாம…"

"யாரு வீட்ல?" என்றாள் நெல்சி.

அவர் வேறு பக்கம் தாவினார். "அந்தப் பாட்டில்? ஒரு விரல் குறைஞ்சிருக்கு!"

"அது நான் குடிச்சது. அவன் தூங்கினப்புறம் ஒரு வாய். நீங்க தொட்டில்கிட்ட பேசுற அன்னைக்கு ரெண்டு." நெல்சி குவளையைத் தரையில் வைத்தாள். "திங்கக்கிழமை நான் பள்ளிக்கூடம் போறேன். அக்கா இங்கதான் இருப்பா. வேணாம்னா நீங்க லீவு போட்டு இவனைத் தூங்க வைங்க. இப்பவே ஆரம்பிங்க. அவன் தூங்கினா, நீங்க சொல்றதை நான் கேக்குறேன்."

சோய்லா குழந்தையை அவர் கையில் திணித்தாள். அக்காவும் தங்கையும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தூளியில் ஏறுவதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எகிறியது. ஒருவழியாக டையும் ஷூவுமாக உள்ளே சரிந்தார். சரிந்தபிறகு எழ முடியாது என்பது தெரிந்தது. கஸ்பார் அவர் வயிற்றின்மேல் நின்றான், விழுந்தான், டையைப் பிடித்து எழுந்தான், விழுந்தான். "மகனே" என்று ஆரம்பித்தவர், அவன் தலை தன் மார்பில் படுவதை உணர்ந்து மீதியை விழுங்கிக்கொண்டார். அவன் ஒரு கண்ணை மூடினான். மற்றது திறந்தே இருந்தது.

சமையலறையில் யாரோ சிரித்தார்கள். உடனே ஒரு குரல் "உஸ்ஸ்" என்றது. பிறகு குசுகுசுப்பு. என்ன பேசுகிறார்கள்? எவரிஸ்தோ கழுத்தை மெல்ல உயர்த்தினார். கஸ்பாரும் தலையைத் தூக்கினான். இரண்டு பேரும் மூச்சை அடக்கி, சாத்திய கதவின் பக்கம் காதைக் கொடுத்துக் கிடக்க, தூளி மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.