ஒரு மக் மீன் தண்ணீர்

எழுந்திருப்பதற்கு முன்னால் பேபி அக்கா பிளாஸ்டிக் மக்கில் மீன் அலசிய தண்ணீரை மொண்டு தன் மடியில் தானே ஊற்றிக்கொண்டாள். பம்மல் மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அதை நான் முதல் தடவையாகக் கவனித்தேன். அதற்கு முன்பும் எத்தனையோ முறை கண்ணில் பட்டிருக்கும். மீன் விற்கிறவள் நனைந்துதான் இருப்பாள், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டிருப்பேன். அன்று அவளுக்கு இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் பலகையில் அழுந்தி உட்கார்ந்தாள், ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். ஐஸ் பெட்டி வரைக்கும் போக வேண்டி வந்தபோது கை முதலில் மக்கைத் தேடியது. பக்கத்திலேயே உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த அவள் மகள் வெண்ணிலாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. என் பிழைப்பே அதுதான்.

சிறுநீரை அடக்க முடியாத பெண்களுக்கான சாதனங்களை விற்பது அப்போது என் வேலை. யாராவது கேட்டால் "மெடிக்கல் டிவைஸ்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மேலே கேட்டால் "லேடீஸ் ஹெல்த்". அதற்கு மேல் எந்த ஆணும் கேட்டதில்லை, என் கணவர் ஜெயகிருஷ்ணன் உட்பட. பையில் மூன்று சாமான்கள் இருக்கும். அடிவயிற்றுத் தசையைப் பழக்கும் சின்ன மின்கருவி, ஆபரேஷனில் வைக்கும் ஒரு நாடா, அப்புறம் சிலிகான் வளையம். வளையத்தை டாக்டர் அளவு பார்த்து உள்ளே பொருத்திவிட்டால் இருமலாம், தும்மலாம், குடம் தூக்கலாம். மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் சார் எல்லா மீட்டிங்கிலும் ஒரே ஸ்லைடைப் போடுவார். பத்துப் பெண்களில் மூன்று பேர் என்று அதில் இருக்கும். "எவ்ளோ பெரிய மார்க்கெட் பாருங்க மிருதுளா. ஆனா வாயே திறக்காத மார்க்கெட்" என்பார். அந்த மூன்று பேரில் ஒருத்தி அவருக்கு எதிர் நாற்காலியிலேயே பேட் வைத்துக்கொண்டு உட்கார்ந்து தலையாட்டுகிறாள் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

இரண்டாவது பிரசவத்திலிருந்து எனக்கும் அது உண்டு. யாரிடம் போய்க் காட்டுவது? தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் இருக்கிற அத்தனை பெண் டாக்டர்களும் என் கஸ்டமர்கள். சாம்பிளை மேஜையில் வைத்து விளக்கிவிட்டு, எனக்கும் ஒன்று மாட்டிவிடுங்கள் மேடம் என்றா கேட்க முடியும்? ஆறு வருஷம் கறுப்பு லெகிங்ஸிலேயே ஓட்டினேன். துணிக்கடையில் வேறு நிறத்தை எடுத்து நீட்டுகிற பெண்ணைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அடுத்த ஞாயிறு, வெண்ணிலா டீ வாங்கப் போன நேரம் பார்த்துக் குனிந்து கேட்டேன்.

"அக்கா, இருமினா வருதா?"

"இன்னாது?"

"தண்ணி."

அவள் வஞ்சிரத்தை அருவாமனையில் வைத்து நாலு துண்டு போட்டாள். துண்டுகள் வழக்கத்தைவிடத் தடியாக விழுந்தன. கவரில் போட்டு முடிச்சுப் போடும்போதுதான், என் முகத்தைப் பார்க்காமல், "ஒனுக்கு யார் சொன்னது?" என்றாள்.

"யாரும் சொல்லல. எனக்கும் வருது."

உலகத்தில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த உண்மையைச் சரக்கோடு சேர்த்துத்தான் விற்றேன். அந்த மாதக் கடைசியில் முடிச்சூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் கம்பெனியின் இலவச முகாம். முப்பது பேருக்கு வளையம் பொருத்தியாக வேண்டும். என் பட்டியலில் பதினோரு பேர்தான் இருந்தார்கள்.

பேபி அக்கா பன்னிரண்டாவது. பனையூர்க் குப்பத்திலிருந்து அன்று லோடு ஆட்டோவில் மீனை மட்டும் அனுப்பிவிட்டு, தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்ததும் மண்டபத்து நடையில் நின்று வேண்டுமென்றே இருமினாள். மறுபடி இருமினாள். மூன்றாவதாகக் குதிகாலைத் தூக்கிக் குதித்தே பார்த்துவிட்டாள். "ஒண்ணியும் வர்லமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐம்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருஷம் அதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்காராமல் நின்றே போயிருக்கிறாள்.

"போட்டா மறந்துடலாம்க்கா" என்றேன். அது எங்களுக்குப் பயிற்சியில் கொடுத்த வாசகம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வளையத்தை டாக்டர் எடுத்து, கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். ஆனால் அதைச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னேன். தேதிகள் போட்ட அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. "நீங்க இதெல்லாம் ஞாபகம் வெச்சுக்க வேணாம், நான் கூப்பிடறேன்" என்று என் வாயால்தான் சொன்னேன்.

இரண்டு மாதத்தில், மார்க்கெட் எதிர்பார்த்த மாதிரி வளரவில்லை என்று கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்டது. அந்தப் பெண்களின் போன் நம்பர்கள் இருந்த கம்பெனி டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். என்னைச் செயற்கை முட்டி விற்கிற பிரிவில் போட்டார்கள். முட்டி வலியை யாரும் மறைப்பதில்லை, வேலை சுலபமாக இருந்தது. அந்த வருஷமே முடிச்சூரில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோனோம். மீன் போன் ஆப்பில் வீட்டுக்கே வந்தது. பேபி அக்கா ஞாபகம் வராமலில்லை. குரோம்பேட்டையில் ஏதாவது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அம்மாள் இருமிவிட்டுக் காலைக் குறுக்கே போட்டால் வரும். அடுத்த ஞாயிறு பம்மல் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அப்படியே இரண்டரை வருஷத்து ஞாயிறுகள் போயின.

போன மாதம் நாத்தனார் பட்டு பம்மலில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தாள். கறுப்பு உடுத்திப் போனால் மாமியார் சும்மா விடமாட்டார். வெளிர்மஞ்சள் புடவையில், இரண்டு பேட் வைத்துக்கொண்டு போய்விட்டு, ஜெயகிருஷ்ணனை அங்கேயே விட்டு மார்க்கெட் பக்கம் நடந்தேன்.

அதே இடத்தில் பேபி அக்கா இருந்தாள். பாதியாகியிருந்தாள். அருவாமனை வெண்ணிலாவிடம் போயிருந்தது. அக்கா சும்மா பலகையில் உட்கார்ந்திருந்தாள், புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. வெண்ணிலா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஐஸ் வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். எனக்கு அதிலேயே பாதி விளங்கிவிட்டது.

"வாம்மா. இன்னா, எளச்சிட்ட" என்றாள் பேபி அக்கா.

நான் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டேன். "வளையம் எப்படிக்கா இருக்கு?"

"எட்த்துட்டாங்கமா. மயக்கம் குட்த்து எட்த்தாங்க. உள்ளயே பதிஞ்சிட்ச்சாம். பக்கத்துல மூத்திரப் பையில ஓட்ட வுழுந்துட்ச்சாம். ஒரு தபா தெச்சாங்க, நிக்கல. இன்னொரு தபா தெக்கணும்னா ஒடம்பு தேறிகினு வரச் சொல்லிகிறாங்க." யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "மின்னல்லாம் இருமுனாதான் வரும். இப்ப சொல்லாம கொள்ளாம வந்துகினே கீது."

"புண்ணாகும்போதே வாடை வந்திருக்குமேக்கா. தெரியலயா?"

"மீன் நாத்தத்துல வேற நாத்தம் எங்கமா தெரியும்? வூட்டுக்குப் போனா மருமவ, மீன்காரி ஒடம்புனு பத்தி ஏத்தி வெப்பா. நானும் அப்டித்தான் நெனச்சேன். இப்ப வூட்ல குந்த முடியல. வாசன வருதுனு பேரன் மூக்க மூடிக்கிறான். இங்க வந்துட்டா யாருக்கும் ஒண்ணியும் தெரியாது. அதான் வேல செய்லனாலும் வந்து குந்திகினு கீறேன்."

ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நான் கூப்பிடறேன்னு சொன்னேன். கூப்பிடலக்கா."

திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"நீ கூப்ட்டிருந்தாலும் வந்துருக்க மாட்டேன்" என்றாள். "சும்மா குட்த்த பொருளாச்சே, போனா கயட்டினு வுட்ருவாங்களோனு பயம். முடிச்சூர் பக்கமே போவல. ஒரு வர்சம் நல்லாகீது, ரெண்டு வர்சம் நல்லாகீதுனு எண்ணிகினே இருந்தேன். பஸ்ல குந்தினு போனேன் தெரிமா. ஜன்னல் சீட்ல."

அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு போன். ஒரு நிமிஷம் போதும். யாரும் கழற்றிக்கொண்டு போக மாட்டார்கள், கழுவித் திரும்ப வைப்பார்கள் என்று நான் சொல்லியிருந்தால் வந்திருப்பாளா? வந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

பேபி அக்கா பின்னால் இருந்த ஒயர் கூடையில் கையை விட்டாள். சாப்பாட்டுத் தூக்குக்கு அடியிலிருந்து ஒரு நெய் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து காட்டினாள். பழைய பனியன் துணியில் சுற்றி, அந்த வளையம். நிறம் மங்கிப் பழுப்பாகியிருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள், சோப்பு வாசனை வந்தது.

"ஆஸ்பத்திரில தூக்கிப் போடப் பாத்தாங்க. அந்தம்மா பொருளு, திருப்பிக் குட்க்கணும்னு வாங்கினு வந்துட்டேன். நீ எப்பனா வருவேனு தெனம் எட்த்துனு வருவேன். வச்சிக்க. வேற பொம்பளைக்குனா ஆவும்."

டப்பாவை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது? இது ஒருத்திக்கு மட்டுந்தான், இன்னொருத்திக்கு ஆகாது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுகை வந்தது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு, அடிவயிறு குலுங்கக் குலுங்க அழுதேன். அழுகிற அழுகையிலேயே கீழே சூடாக நனைவது தெரிந்தது. இரண்டு பேட்டும் காலையிலிருந்து சுமந்தது போதும் என்று கைவிட்டிருந்தன. குனிந்து பார்த்தேன். வெளிர்மஞ்சள் புடவையின் மடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஈரம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவியது. டப்பாவை அதன்மேல் வைத்து மறைத்தேன். தெருமுனையில் ஜெயகிருஷ்ணனும் அவர் தம்பியும் என்னைத் தேடிக்கொண்டு வருவது தெரிந்தது.

பேபி அக்காவும் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டாள்.

"நீ போட்டுக்கலயா?" என்றாள் மெதுவாக.

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கையை நீட்டி மக்கை எடுத்தாள். அன்னக்கூடையில் மீன் அலசிய தண்ணீரை நிறைய மொண்டு, என் மடியிலிருந்த டப்பாவை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மறுகையால் அப்படியே என்மேல் சாய்த்தாள். ஐஸ் தண்ணீர் தொடைவரை சில்லென்று இறங்கியது. இரண்டு செதில்கள் புடவையில் ஒட்டிக்கொண்டன.

"யார்னா கேட்டா, மீன்காரி தெளிச்சிட்டானு சொல்லு" என்றாள்.

டப்பாவைத் திரும்ப என் கையில் வைத்தாள். பிறகு அதே மக்கில் இன்னொரு தடவை மொண்டு, தன் மடியிலும் ஊற்றிக்கொண்டாள்.