நீல மருந்து

விநாசித்தம்பியின் குடும்பத்தில் சர்க்கரை வியாதி கிடையாது. அதை அவர் டாக்டரிடமே சொன்னார். டாக்டர் கேட்டது என்னவோ மருமகள் ஜூலியானாவின் குடும்பத்தைப் பற்றித்தான். கூடப் போயிருந்த இவர் முந்திக்கொண்டு, தகப்பன், பாட்டன், பெரியதகப்பன்மார் என்று வரிசையாகச் சொல்லி, ஒருவருக்கும் இல்லை என்று முடித்தார்.

"நல்லது. ஆனா நான் இவங்க அப்பா அம்மாவைக் கேட்டேன்" என்றார் டாக்டர்.

ஆறு மாதக் கர்ப்பிணி. சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கவைத்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை ஏறியிருந்தது. கர்ப்பத்தில் சிலருக்கு இப்படி வரும், பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் இறங்கிவிடும், அதுவரை சாப்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே சிறுநீரைச் சோதிக்க நோர்மா என்ற நர்ஸ் மிஸ்ஸி கற்றுக்கொடுத்து அனுப்பினாள்.

விநாசித்தம்பிக்கு வேறு கணக்கு ஓடியது. மகன் வாசு ஆபீசில் பழகிய கத்தோலிக்கப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, பெண்ணின் தகப்பன் சூசையின் குடும்பத்தை அவர் விசாரிக்காமலா விட்டார்? படிப்பு, நடத்தை, கடன் எல்லாம் விசாரித்தார். வியாதியை மட்டும் அவர்கள் மறைத்துவிட்டார்கள். வாசு மாற்றலாகித் தூரத்தில், கோத்தா கினபாலுவில் இருந்தான். வீட்டு மானத்துக்குப் பொறுப்பு இவர்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்ணை அழைத்துப்போகும்படி சம்பந்திக்குச் சொல்லி அனுப்பினார்.

"இஞ்சேருங்கோ, பிள்ளைத்தாச்சிப் பெட்டையை இந்த நேரத்திலே அனுப்புறதோ?" என்றாள் மனைவி வள்ளிநாயகி.

"மறைச்சுப்போட்டுக் கட்டிக்கொடுத்தவை பார்க்கட்டும்."

ஜூலியானா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே ஒரு மரப்பலகையில் ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய், நீல மருந்துப் புட்டி. மருந்தைக் கொஞ்சம் ஊற்றி, சிறுநீரைச் சில துளி விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. சர்க்கரை இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம்.

பின்கட்டு அசுத்தம் என்று தன் துணியைக்கூட அங்கே காயப்போட விடாத மனிதர் விநாசித்தம்பி. பேப்பரை எடுத்துக்கொண்டு சும்மா அந்தப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். குழாய்க்குள் நீலம் கலங்கி, வெற்றிலைக் கொழுந்து மாதிரி ஒரு பச்சை மெதுவாக எழும்பியது. அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"காலமை என்ன சாப்பிட்டனீ?"

"இடியப்பம், மாமா."

"எத்தனை?"

ஜூலியானா திரும்பிப் பார்த்தாள். "மாமா, வேடிக்கை பாக்க வர்றவங்ககிட்ட நான் டிக்கெட் வசூல் பண்ணணும் லா!"

மறுநாள் முட்டையும் கீரையும் ஒரு சப்பாத்தியும். நீலம் அசையவில்லை. அடுத்த நாள் தோசை, மஞ்சளடித்தது. அவர் பேப்பர் எடுத்துவர மறந்து, ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிட்டு தின்றால் என்ன ஆகும்? பயற்றம் கஞ்சிக்கு என்ன நிறம்? கேட்க ஆசையாக இருந்தது. வீட்டை விட்டு அனுப்பப் போகிறவளிடம் எப்படிக் கேட்பது?

சனிக்கிழமை காலை அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மருந்தே பழுதாக இருந்தால்? நாளைக்குச் சம்பந்தி அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? குற்றமில்லாத ஒருவருடைய சிறுநீரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெண்கள் இருவரும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார்கள். குற்றமில்லாதவர் வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

விளக்கை ஏற்றினார். நீலம் பச்சையில் நிற்காமல், மஞ்சளையும் தாண்டிக் கிடுகிடுவென்று ஓடியது. குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தார். வெந்நீரில் கழுவிப் பார்த்தார். அதே ஓட்டம். காலையில் குடித்த பால் தேநீரின் வேலை என்று மத்தியானம் வரை வெறும் வயிற்றில் கிடந்து, திரும்பக் காய்ச்சினார். கண் வேறு கொஞ்ச நாளாய் மங்கல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் நம்ப முடியவில்லை.

"பிள்ளை, இஞ்சை வா. இது என்ன நிறம்?"

பாசாரிலிருந்து திரும்பிய ஜூலியானா எட்டிப் பார்த்தாள். "நான் இன்னிக்கு இன்னும் எடுக்கவே இல்லையே மாமா. இது யாரோட..."

"நிறத்தைத்தான் கேட்டனான். ஆற்றை எண்டு கேக்கேல்லை."

அவள் குழாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "செங்கல், மாமா. நல்ல செங்கல்." குழாயை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். "அத்தைகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதுதான் அவரைக் குத்தியது. அவள் சொல்லமாட்டாள். நாளைக்குத் தலைகுனிந்து பெட்டியோடு தகப்பன் பின்னால் போவாள். அப்போதும் வாயைத் திறக்கமாட்டாள். இவர் மானம் அவள் கையில் பத்திரமாக இருக்கும். தரக்குறைவு என்று தான் எடைபோட்ட வீட்டுப் பெண் தயவில் காப்பாற்றப்படுகிற மானம் என்ன மானம்?

ஞாயிறு பூசை முடிந்து, முழுக்கைச் சட்டையோடு சூசையும் மனைவி அமலம்மாளும் வந்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, நாங்க ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துப் பார்த்தோம். இல்லைன்னுதான் சொல்றாங்க" என்றார் சூசை. "எதையும் மறைக்கலண்ணே. ஆனா கூட்டிட்டுப் போன்னு சொன்னா, போறோம்."

விநாசித்தம்பி முதுகை நாற்காலியில் சாய்க்காமல் நிமிர்ந்தார்.

"சர்க்கரை இந்த வீட்டிலேதான் இருக்குது, சம்பந்தி. எனக்கு."

சூசை விழித்தார். "அதெப்படிண்ணே? மாமனாருக்கு இருந்தா மருமகளுக்கு வருமா?"

"வராது. அவளுக்கு வந்தது கர்ப்பத்தாலே எண்டு டாக்டரே சொன்னவர். நான்தான் காதிலே போட்டுக்கொள்ளேல்லை. உங்களைப் பிழையாச் சொல்லிப்போட்டன். ஆனால் பிறக்கப்போறது என்ரை பேரப்பிள்ளை. அதுக்கு எந்தப் பக்கத்திலே என்ன இருக்கெண்டு டாக்டருக்குத் தெரிய வேணும். நாளைக்கு அவளோடை நானும் கிளினிக்குக்குப் போறன். அவள் இஞ்சைதான் இருப்பாள்."

கதவோரம் நின்ற ஜூலியானா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அமலம்மாளுக்குத் தெரியவில்லை. சூசைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் வாயும் வந்தது.

"அப்ப, வியாதிய மறைச்ச வீட்டுல தெரியாம பொண்ணு குடுத்துட்டோம்னு இனிமே நாங்க சொல்லிக்கலாமாண்ணே?"

அமலம்மாள் அவர் தொடையில் கிள்ளினாள். விநாசித்தம்பி முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"சொல்லலாம்" என்றார். "இந்தக் கூடத்துக்குள்ளே. ஒருதரம்."

சூசை வாய்விட்டுச் சிரித்தார். வள்ளிநாயகி சிரிக்கவில்லை. தட்டிலிருந்த தேநீர்க் கோப்பைகளில் ஒன்றை மட்டும் கணவருக்கு நீட்டாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எப்ப பார்த்தனீங்கள்? எனக்கேன் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

விநாசித்தம்பி கதவோரம் நின்ற ஜூலியானாவைப் பார்த்தார்.