தார்ப்பாய் உதறும் நேரம்

மிளகு என்று கேட்டால்தான் துறைமுகத்தில் வீட்டைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் அவர் மனைவியே ஒரு நிமிஷம் யோசிப்பாள். கிழிந்த வலைகளைச் சரிசெய்வது அவர் தொழில். மற்றவர்கள் நைலான் நூலைச் சாதாரணக் கத்தியால் வெட்டுவார்கள்; நாலு நாளில் நுனி பிரிந்து முடிச்சும் இளகிவிடும். இவர் வெட்டுவது மின்சாரத்தில் சூடேறும் கத்தியால். சுர்ரென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, நூலின் நுனி உருகி மிளகு போல உருண்டுகொள்ளும். அப்படி ஒரு உருண்டை இருந்தால் முடிச்சு உயிர் போனாலும் கழலாது. "நான் போட்ட முடிச்சை நானே அவுக்க முடியாது" என்று பெருமையடிப்பார். அடித்துக்கொள்ளட்டும், கை அப்படிப்பட்ட கைதான்.

பெருமைக்குக் குறைவில்லாத மனிதருக்குக் குப்பைக்கூடை ஒன்று வாங்கத் தோன்றவில்லை, அதைத்தான் சொல்லவருகிறேன். வீட்டின் பின்பக்கம் கழிமுகத்தைப் பார்த்த ஒரு குட்டைச்சுவர். அதன் இந்தப் பக்கம் நீலத் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்து நாள் முழுக்க வேலை பார்ப்பார். வெட்டிய துண்டுகள் சாணும் முழமுமாகத் தார்ப்பாயில் விழுந்து சேரும். சாயங்காலம் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தார்ப்பாயை நாலு முனையும் சேர்த்துத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் உதறுவார். தண்ணீர் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். எங்கே கொண்டுபோகும் என்று ஒருநாள் கேட்டுக்கொண்டாரா என்றால், இல்லை.

உதறும் நேரத்துக்குக் கொக்குகள் வந்துவிடும். சுவரின்மேல் வரிசையாக நின்று தார்ப்பாயையே பார்க்கும். வலையில் ஒட்டியிருந்த காய்ந்த இறாலுக்கும் மீன் செதிலுக்கும்தான் வருகின்றன என்பது அவர் எண்ணம்.

"சொந்தக்காரங்க வந்துட்டாங்க" என்பார்.

"உங்க பக்கத்துச் சொந்தம்தான். வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் கரெக்டா வருதே" என்று மனைவி உள்ளேயிருந்து பதில் கொடுப்பாள்.

அவளுடைய தங்கைக்கு இந்தக் கொக்குகளைக் காப்பதுதான் உத்தியோகம். கழிமுகத்துக்கு அக்கரையில் அலையாத்திக் காடு. அங்கே கூடு கட்டும் பறவைகளை எண்ணுவதும், நாயையும் திருட்டு வெட்டுக்காரர்களையும் துரத்துவதும் வேலை. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அவள் சேர்ந்த புதிதில் வருஷத்துக்கு முந்நூறு குஞ்சுகள் பறந்தன, பிறகு குறைந்துகொண்டே வந்தது. இந்த வருஷம் நூறுகூடத் தேறாது போலிருந்தது. காரணம் சொல்லத் தெரியாவிட்டால் காவலாள் எதற்கு என்று மேலிடம் கேட்டுவிட்டது. "உன் பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் சோறு போடறேன்" என்று மிளகு அவளைக் கேலி செய்வதுண்டு. அவளும் சிரிப்பாள். அத்தான் என்றால் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் பிஸ்கட் டப்பா ஒன்றோடு வந்து தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முழங்கால்வரை சேறு. அக்கா கொடுத்த டீயைத் தொடவில்லை.

"அத்தான், நூல் பத்தி உங்களுக்குத் தெரியாதது இல்ல. இது எவனோடதுன்னு பாத்துச் சொல்லுங்க."

டப்பாவில் சேறும் எச்சமும் அப்பிய ஒரு நூல்கற்றை. கற்றைக்குள் ஒரு கொக்குக்குஞ்சின் கால். கால் மட்டும்.

"குச்சி மாதிரி இதையும் பொறுக்கிட்டு வந்து கூடு கட்டுதுங்க" என்றாள். "குஞ்சு பெருசாகி, பறக்கலாம்னு எழும்பும்போது காலைச் சுத்திக்குது. அப்புறம் கூட்டுக்கு வெளியில தலைகீழாத் தொங்குதுங்க. தாய் மீனைக் கொண்டாந்து, தொங்குற குஞ்சுக்கு ஊட்டப் பாக்குது, அத்தான். கழுத்தை வளைச்சு வளைச்சுப் பாக்குது. என்னால அதைப் பாக்க முடியல." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா சுத்தியிருந்தா உதறி உதறி வெளிய வந்துடும். இந்த நூல் கழல மாட்டேங்குது. நுனியில என்னவோ முடிச்சுல மாட்டிக்குது."

மிளகு நூலைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் சேற்றின்மேல் தடவினார். சேற்றுக்குள் சின்னதாக, உருண்டையாக, ஒன்று தட்டுப்பட்டது. பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பெற்ற பிள்ளையின் தலையை இருட்டில் தடவினாலும் தெரியாதா என்ன, அந்த மாதிரி தெரிந்தது.

சொல்லியிருக்கலாம். அங்கே அவரை அடிக்க ஆள் இல்லை, ஜெயிலில் போட ஆள் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தது தன்னை நிமிர்ந்து பார்க்கிற ஒரு முகம், அவ்வளவுதான். அந்த முகம் மாறுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"இது நம்ம ஆளுங்க நூல் இல்ல" என்றார். "வெளித்துறைமுகத்துப் பெரிய படகுக்காரங்க போடறது. அங்க போய்க் கேளு."

"நினைச்சேன்" என்று அவள் எழுந்தாள். "உங்க கண்ணு தப்பாது, அத்தான்." ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டப்பாவை இடுக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் வந்தது. உதறாமல் விட்டால் மனைவி ஏன் என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்குப் பயந்து, வெட்கங்கெட்ட மனிதர், அன்றைக்கும் தார்ப்பாயை எடுத்துப்போய் உதறினார். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக நின்று பார்த்தார். கொக்கு ஒன்று இறங்கியது. இறாலை மிதித்துக்கொண்டு போய், முழ நீளத்தில் ஒரு பச்சை நூலைத் தேர்ந்தெடுத்து அலகில் கவ்வியது. ஒருமுறை உதறிச் சரிபார்த்துக்கொண்டு அக்கரைக்குப் பறந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கண் இருந்தும் பார்க்காத காட்சி.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கரைக் காவல் அறையில் விசாரணை. தகர மேசை, சுவரில் பறவைப் படம், நாலு நாற்காலி. அதிகாரி வந்திருந்தார். அவள் எழுதிக் கொடுத்த புகாருக்குப் பதில் சொல்லப் பெரிய படகுக்காரர்களின் தலைவர் தன் நூல்கண்டோடு வந்திருந்தார். நூல் விஷயம் தெரிந்தவர் என்று அவள் மிளகையும் வற்புறுத்திக் கூட்டிவந்திருந்தாள்.

தலைவர் கண்டை மேசையில் வைத்தார். விரல் பருமன், கன்னங்கறுப்பு. "எங்க படகுல இதைத் தவிர வேற நூல் கிடையாது. டப்பாவுல இருக்கறது தையல்நூல் மாதிரி இருக்கு. ஏம்மா, உன் வேலை போகுதுன்னா எங்க தலையிலயா கட்டுவ?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விசாரிக்காம புகார் எழுதுவீங்களா? உங்களை நம்பி நான் எப்படி மேல எழுதறது?"

அவள் முகம் சிவந்துபோயிற்று. மிளகை ஒருமுறை பார்த்தாள்.

"கண்ணு மங்கிப்போச்சு, அன்னிக்கு நான்..." என்று அவர் ஆரம்பித்தார். அதுவும் பொய்தான், கொஞ்சம் சின்னப் பொய்.

அவர் முடிப்பதற்குள் அவள் குறுக்கே வந்தாள். "அவர் மேல தப்பில்ல சார். நான்தான் அவசரத்துல சரியாக் கேட்டுக்கல. வயசானவரை இழுக்க வேணாம்."

அவருக்காக அவள் பொய் சொன்னாள். செத்தே போயிருக்கலாம் என்று நினைத்தார்.

தண்ணீர் ஜாடி மேசையில் இருந்தது. டப்பா மூடியில் தண்ணீரை ஊற்றினார். நூலை எடுத்து அதில் போட்டுத் தேய்த்தார். சேறு கரைந்தது. பச்சை நூல், அதன் நுனியில் பளபளவென்று ஒரு உருண்டை. அடுத்த துண்டிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. படகுத் தலைவருக்கு விளங்கியது.

"மிளகு" என்றார் அவர், மெல்ல.

"என் நூல்தான் சார். தினமும் நான்தான் உதறிவிடறேன். புதன்கிழமை இவ கொண்டாந்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாத்திச் சொன்னேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் மூடியிலிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புதன்கிழமை சாயங்காலமும் உதறினீங்களா?"

அவர் தலையாட்டினார்.

அதிகாரி புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். காரணம் கிடைத்துவிட்டது, அவள் வேலைக்கு இனி பங்கம் வராது. அதைக் கேட்டும் அவள் முகம் தெளியவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு கத்தரிக்கோல் எடுத்து ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"இன்னிக்குக் காலையில பாத்தேன், பதினோரு கூட்டுல தொங்குது. நாலுக்கு உயிர் இருக்கு. வாங்க."

சேற்றில் ஏணி சாய்த்து மதியம்வரை வெட்டினார்கள். முதல் குஞ்சின் கால் வீங்கி, நூல் சதைக்குள் போயிருந்தது. முடிச்சை நகத்தால் நெகிழ்த்தப் பார்த்தார், உருண்டை தடுத்தது. தான் போட்ட முடிச்சு அல்ல, பறவையின் உதறலில் தானாக விழுந்தது. ஆனாலும் அவர் முடிச்சு மாதிரியே கழல மறுத்தது. குஞ்சு அவர் மணிக்கட்டைக் கொத்திக்கொண்டே இருந்தது. கொத்து, நல்லா கொத்து என்று கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். நாலில் மூன்று பிழைத்தன. "இங்க பிடிங்க", "இதை வெட்டுங்க" என்பதைத் தவிர அவள் வேறு பேசவில்லை. அத்தான் என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. படகில் அவரை இக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வீட்டில், இடுப்பு வலி என்று மனைவியிடம் சொல்லி உதறாமல் விட்ட நேற்றைய துண்டுகள் தார்ப்பாயில் அப்படியே கிடந்தன. ஒரு சாக்கை எடுத்து, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். பொறுக்கி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்தது. நிமிர்ந்தபோது சுவரின்மேல் ஏழெட்டுக் கொக்குகள் நின்றிருந்தன. மனைவிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"சொந்தக்காரங்க காத்துட்டிருக்காங்க. சீக்கிரம் உதறிட்டு வாங்க."

மிளகு சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பறவைகள் பறந்துபோகும் என்று பார்த்தார், போகவில்லை. அவை அவரைத் துளிகூடச் சந்தேகப்படவில்லை. ஒரு கொக்கு மட்டும் அவர் கையையே பார்த்துக்கொண்டு, சுவரின்மேல் இரண்டு அடி நெருங்கி வந்தது.