கூண்டுக்குக் கறுப்புத் துணி

அக்கா கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்தாள். பல் டாக்டரின் கிளினிக்குக்காகத் தைக்க வந்த ஜன்னல் திரை. நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம், ஈரம் இன்னும் காயவில்லை. தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்திருந்த நாய்க்குட்டி, வேறு யாரோ செய்த காரியம் போல அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டேய் ஆந்தை! எழுந்து வாடா இங்க."

குளிர்க்கிடங்கில் இரவு முழுக்கப் பெட்டி அடுக்கப் போன காலத்தில் அவள் தம்பிக்கு வைத்த பெயர் அது. வேலையை விட்டு ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. பெயரும் போகவில்லை, பகல் தூக்கமும் போகவில்லை. மேற்பார்வையாளரோடு சண்டை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தான். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. ஒருநாள் கிடங்கின் வாசல்வரை போனான், உள்ளே போகக் கால் வரவில்லை, திரும்பி நடந்துவிட்டான். அவ்வளவுதான்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றவனிடம் அவள் துணியை நீட்டினாள்.

"மோந்து பாரு. பன்னீரு."

"வெளிய போய் ஒண்ணுக்கு இருக்க, கூண்டுல வச்சுப் பழக்கிட்டுதானக்கா இருக்கேன்."

"கிழிச்ச. சாயங்காலம் பேக்கரிக்காரர் வர்றாரு. மாவு மூட்டை கிடக்கிற கொட்டகைக்குக் காவலா ஒரு நாய் வேணுமாம். குடுத்துடப் போறேன்."

அந்தக் கொட்டகையை அவன் பார்த்திருக்கிறான். தூணில் ஒரு சங்கிலி தொங்கும், முன்பிருந்த நாயினுடையது.

அவனுக்குக் கோபம் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவன் எதையும் ஏனோதானோவென்று செய்யவில்லை. எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் மட்டும் இடமுள்ள கூண்டாகத் தேடி வாங்கினான். படுக்கிற இடத்தை நாய் நனைக்காது; கூண்டு பெரிதாக இருந்தால் ஒரு மூலை படுக்கை, மறு மூலை கக்கூஸ் என்று நாய் பங்கு பிரித்துக்கொள்ளும். தின்றதும் ஒரு தடவை, தூங்கி எழுந்ததும் ஒரு தடவை விளக்குக் கம்பம்வரை தூக்கிப் போவான். அது மண்ணை முகர்ந்து வட்டமடிக்கத் தொடங்கினால் மூச்சைக்கூட மெதுவாக விடுவான். முடித்ததும் தலையைத் தடவிக்கொடுப்பான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். இதையெல்லாம் அக்காவிடம் எப்படிச் சொல்வது?

"ராத்திரியில கூண்டுல ஒரு சொட்டு விட்டிருக்கா? சொல்லு."

"ராத்திரியில நான் துணி தைக்கிறேனாடா?" என்றாள் அவள். பிறகு சற்று நிறுத்தி, "பகல்ல எப்ப வெளிய தூக்கிட்டுப் போற?" என்று கேட்டாள்.

"பகல்லதான் நான் தூங்குறேனே."

"நீ தூங்குறப்போ அது எங்க இருக்கும்?"

"பகல்லயும் அடைச்சு வைக்கிறது பாவமேன்னு திறந்து விட்டுருவேன்."

அக்கா முக்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி! உன் நைட் ஷிப்ட அதுக்குப் பழக்கி வச்சிருக்க. நீ விட்ட வேலைய அது பாக்குது!"

அவனுக்கு முகத்தில் யாரோ தண்ணீர் அடித்தது போல இருந்தது. குட்டியைப் பார்த்தான். அது கொட்டாவி விட்டது.

"இன்னிக்கு நான் தூங்கல" என்றான்.

"நீயா?"

"அவர் வர்றதுக்குள்ள இது வெளிய போய் ஒண்ணுக்கு இருந்துட்டு வந்துச்சுன்னா?"

அவள் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே யோசித்தாள். "அப்படி இருந்துட்டு வந்தா, அவர்கிட்ட ஏதாவது சொல்லி அனுப்புறேன். உள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் கயிறு அவர் கையில."

அவன் குட்டிக்குச் சோறும் தண்ணீரும் வைத்துக் கூண்டில் விட்டான். தின்று முடித்ததும் கம்பத்தடிக்குத் தூக்கிப் போனான். அது வெயிலைப் பார்த்து மிரண்டு அவன் கால் நடுவே ஒண்டியது. கொண்டுவந்து மறுபடி அடைத்தான். வெளிச்சத்தில் அடைபட்டுப் பழக்கமில்லை, கம்பியைப் பிறாண்டிக்கொண்டு அழுதது.

"மேல எதையாவது போட்டு மூடுடா. இருட்டா இருந்தா தூங்கும், தூங்கி எழுந்தா தானா ஒண்ணுக்கு இருக்கும்" என்ற அக்கா, அவன் அறைக்குள் போய் ஜன்னலில் தொங்கிய கறுப்புத் திரையைக் கழற்றினாள். அவன் வேலைக்குச் சேர்ந்தபோது இரட்டைத் துணி வைத்து அவளே தைத்தது. அவன் வாயைத் திறந்தான். அதற்குள் கத்தரிக்கோல் பாதித் துணியைக் கடந்துவிட்டது. வெட்டியதை அவள் கூண்டின்மேல் போர்த்தினாள்.

அறையில் வெயில் விழுந்தது. மூலையில் கிடங்கு பூட்ஸ், அதன்மேல் ஒட்டடை. கண் எரிய அவன் கூண்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தூக்கம் வந்தபோதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டான்.

வெயில் சாய்ந்த நேரம் துணிக்குள் சலசலப்புக் கேட்டது. குட்டியை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு ஓடினான். கம்பத்தடியில் இறக்கிவிட்டான். இரவில் பார்த்த கம்பம் பகலில் வெறும் இரும்புக் குச்சியாக நின்றது. குட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனைப் பார்த்தது. பிறகு அவன் நிழலுக்குள் வந்து படுத்துக்கொண்டது.

"இங்க வந்து படுக்காதடா" என்றான்.

தெருமுனையில் பேக்கரி வண்டி திரும்பியது. ஜன்னலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், கழுத்தில் அளவு நாடா.

அவன் ஓர் அடி நகர்ந்தான். நிழலும் கூடவே போயிற்று. முதுகில் வெயில் பட்டதும் குட்டி எழுந்தது, உதறிக்கொண்டது, மூக்கை மண்ணில் வைத்தது. மெதுவாக ஒரு வட்டம் போட ஆரம்பித்தது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.