சுவரோரம் இறங்கிய காற்று

மதியத் தொழுகை முடித்து ரய்யா வெளியே வந்தபோது, வடக்கே மலைக்கு மேல் மேகம் அடுப்பில் வைத்த பாலைப்போலப் பொங்கிக்கொண்டிருந்தது. கீழே, பாலையோரத்து ஊரான பிதிய்யாவிலோ வெயில் சுட்டது. ஓர் ஓலைகூட அசையவில்லை.

வெட்டவெளிக் களத்தில், வேகவைத்த பேரீச்சங்காய்கள் மஞ்சளாகப் பரந்து கிடந்தன. காய்ந்து முடிய இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். ஏலத்தில் மரங்களின் காய்ப்பைத் தன் பேரிலேயே எடுத்து, தானே கொப்பரையில் வேகவைத்தது இதுதான் முதல் தடவை. இது வீணாகிவிட்டால் அடுத்த ஏலத்தில் அவள் வாய் திறக்கக் கூடாது என்று அண்ணன் ஹுமைத் ஊரார் முன்னால் சொல்லியிருந்தான். அவளும் சரி என்றிருந்தாள்.

ஹுமைத்தின் பிக்கப் வந்து நின்றது. கூடவே அவன் மனைவி நஸ்ரா.

"காத்து வரப்போவுது. வாரிக் கொண்டாந்து தோப்போட வடக்குச் சுவரோரம் மறைவாக் கொட்டு. என்னோடதை அங்கதான் தார்ப்பாய் போட்டு மூடிட்டு வரேன்."

"என்னோடது இங்கயே கெடக்கட்டும்."

"வெட்டவெளியிலயா? காயோட சேத்து மூளையையும் வேகவச்சிட்டியா?"

"வெந்திருந்தா நீ சொன்னதைக் கேட்டிருப்பேன்."

நஸ்ரா சிரிப்பை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அடுப்பு எரிந்த நாளெல்லாம் ரய்யா சாம்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தவள். வெட்டவெளியில் காற்று அதைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஒரே போக்காய் ஓடும். சுவரைத் தாண்டியதும் தலைகுப்புற விழுந்து, கண்டபடி சுழன்று, தூக்கிவந்த மணலையெல்லாம் அங்கேயே கொட்டும்.

"தார்ப்பாயாவது போடேன்," என்றான் ஹுமைத்.

"அடியில காத்து பூந்தா அதுவே தூக்கிட்டுப் போயிடும். அண்ணி, அந்தப் பாயைப் பிடிங்க."

இருவரும் ஓலைப்பாய்களை வாய்க்காலில் நனைத்து, காய்கள்மேல் படிய விரித்தார்கள். மேலே வலை. ஓரமெங்கும் மணல்மூட்டை. ஹுமைத் இடுப்பில் கைவைத்து நின்றான்.

மலையில் மழை சாம்பல் நிறத் திரையாகத் தொங்கியது. தரையைத் தொடாமல் நடுவானிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அந்த மழை குளிர்வித்த காற்றுதான் கனத்துக் கீழே விழுந்து, தரையில் மோதி, நாலாபக்கமும் பாயும். மேகம் அங்கேயே நிற்க, அது மட்டும் முன்னால் ஓடிவரும்.

ரய்யாவின் கன்னத்தில் சில்லென்று பட்டது. அடுத்த நொடி வடக்கே புழுதி எழுந்து நின்றது.

"படுங்க," என்றாள்.

வலையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு குப்புறக் கிடந்தாள். காற்று முதுகின்மேல் அலறிக்கொண்டு போனது. விட்டது, மறுபடி அறைந்தது. கைக்குள் வலை வெட்டி வெட்டி இழுத்தது. தெற்கு மூலையில் ஒரு மூட்டை உருண்டது. பாய் ஒன்று பிய்ந்து பறந்தது. அவள் விடவில்லை.

ஓய்ந்ததும் எழுந்து பார்த்தாள். மூலையில் ஒரு வரிசை போயிருந்தது. மற்றதெல்லாம் பாய்க்கடியில் மஞ்சளாகவே கிடந்தது.

சுவரோரம் ஹுமைத்தின் தார்ப்பாய் ஒரு மரத்தில் தொங்கியது. குவியல் மணலுக்குள் புதைந்திருந்தது. ஒரு காயை எடுத்துக் கடித்தான், பல்லில் நறநறத்தது. துப்பிவிட்டு, தங்கையின் களத்துக்கு வந்து ஒன்றைக் கடித்தான். மென்று விழுங்கினான்.

"கொப்பரையில இன்னொரு வேக்காடு இருக்கு. இங்க கொட்டிக்கவா?"

"கொட்டிக்க. ஏலத்தன்னிக்கு நான் வெல கேக்கும்போது குறுக்க பேசாத."

"எங்க பேசுறது," என்றாள் நஸ்ரா, "வாயெல்லாம் மணல்."