எங்கள் சந்துப் பெட்டியும் கும்சுனின் கோட்டும்

சியோலில் சாங்சின் மேட்டில் எங்கள் சந்து முனையில் நிற்கும் பச்சைநிறப் பழந்துணிப் பெட்டி, உடுத்தித் தேயாத துணியை ஏற்றுக்கொள்வதில்லை. இன்று போட்டால் நாளைக் காலையில் அது மடிப்புக் கலையாமல் போட்டவர் வீட்டு வாசலில் இருக்கும். மழை பெய்தாலும் நனைந்திருக்காது. வட்டார அலுவலகத்தார் வந்து பெட்டியை மாற்றிப் பார்த்தார்கள். புதுப் பெட்டியும் அதையேதான் செய்தது. மற்ற பேட்டைப் பெட்டிகள் எதைப் போட்டாலும் விழுங்கிவிடும். எங்கள் மேட்டில் வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடுகிறது, எங்கள் பெட்டிக்குத் தராதரம் தெரியாமல் இருக்குமா?

இதை முதலில் தெரிந்துகொண்டவள் கும்சுன். ஜிப் தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, வாயிலும்தான். பகலெல்லாம் ஊருக்குத் தைத்துவிட்டு மாலையில் கைபேசியைத் தடவித் தடவித் தனக்கு வாங்குவாள். தள்ளுபடி என்றால் கை நிற்காது. புருஷன் போன பிறகு, இரண்டு அறை வீட்டில் ஓர் அறை முழுக்க அவள் வாங்கிப் போட்ட துணிதான். பாதிக்கு மேல் விலைச்சீட்டுகூடக் கிழிக்காதவை. இந்த லட்சணத்தில், மொக்போ துறைமுகத்தில் மீன் கடை நடத்தி நொடித்துப்போன தங்கை மால்சுன், குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் பருவத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினாள். அந்த அறை காலியானால்தான் அவளுக்கு இடம். இல்லையென்றால் ஜன்னல் இல்லாத ஒரு வாடகைப் பொந்துதான் கதி. கும்சுனுக்கு மிச்சமிருந்த சொந்தம் அவள் ஒருத்திதான்.

கும்சுன் மூட்டை மூட்டையாகப் பெட்டியில் போட்டாள். அத்தனையும் திரும்பி வந்தது. மேட்டுக்குக் கீழே இருந்த பெட்டியில் போட்டுப் பார்த்தாள். ஏறி வரவேண்டியிருந்ததால் அவை மதியம்தான் வந்து சேர்ந்தன. புருஷனுடைய முழங்கால் போன கால்சட்டையை மட்டும் எங்கள் பெட்டி சத்தமில்லாமல் வைத்துக்கொண்டது. அவளுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. பெட்டியை ஓர் உதை விட்டாள். “நான் சம்பாதிச்சு நான் வாங்கினேன், உனக்கெங்கடா வலிக்குது?” என்று சந்தே கேட்கக் கத்தினாள். பெட்டி பதில் சொல்லவில்லை, அது பேசும் பெட்டி அல்ல.

மால்சுன் சொன்ன நாளுக்கு முன்பே வந்து நின்றாள். அறைக் கதவைத் திறந்ததும் துணி சரிந்து அவள் காலடியில் விழுந்தது.

“எங்க படுக்கறதுக்கா? இதுங்க மேலயேவா?”

“வாய மூடிட்டு உள்ள வாடி.”

“இடமில்லேன்னா சொல்லிடுக்கா. நான் எங்கயாச்சும் இருந்துக்கறேன்.” பையைத் தோளிலிருந்து இறக்காமல், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைக் கும்சுனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சந்துப் பெண்கள் கூடிக் கிம்ச்சி போடும் நாள். கும்சுன் அறையைத் திறந்துவிட்டாள். “பொருந்தறத எடுத்துக்கங்கடி. ஆனா போட்டுக் கிழிக்கணும், சொல்லிட்டேன்.” உரியவள் உடம்பில் ஏறியதும் விலைச்சீட்டு தானாக அறுந்து விழுந்தது, மற்றவளுக்குப் பொத்தான் பூட்ட மறுத்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை, முட்டைக்கோஸுக்கு உப்புப் போடும் வேலை கிடந்தது. மாலைக்குள் எல்லாச் சட்டையிலும் மிளகாய் விழுது ஏறியிருந்தது, அறையில் மால்சுன் மெத்தை விரிக்க இடம் இருந்தது.

அதன் பிறகு அக்கா தங்கை சேர்ந்து வாங்கியது ஒரே ஒரு கம்பளிக் கோட்டு. அதற்கே ஓர் இலையுதிர் காலம் முழுக்கச் சண்டை. தையலைப் புரட்டிப் பார்த்து, உள்துணியை இழுத்துப் பார்த்து, எதற்கு, எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டு வாங்கினார்கள். விடியலில் மால்சுன் அதைப் போட்டுக்கொண்டு மீன் சந்தை வேலைக்குப் போவாள். அவள் திரும்பியதும் கும்சுன் போட்டுக்கொண்டு தையலறைக்குப் போவாள். மால்சுன் குள்ளம், அவள் போடும்போது கோட்டின் கை அரை விரல் சுருங்கிக்கொள்ளும். வருஷங்கள் ஓடின. புதுசு வாங்க நினைக்கிறவளிடம் “பெட்டியக் கேட்டியாடி?” என்பது சந்தில் வழக்கமாயிற்று. ஒட்டுப் போட்ட முழங்கையை இங்கே யாரும் மறைப்பதில்லை, நன்றாக நீட்டித்தான் பேசுவோம். எங்களுக்கு அதில் பெருமைதான்.

போன குளிர்காலத்தில் காலர் நைந்துபோன அந்தக் கோட்டைக் கும்சுன் பெட்டியில் போட்டபோது சந்தே கூடியது. மால்சுன் அழுதாள். விடியலில் கோட்டு வாசலில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“இன்னும் உழைக்குமாம்க்கா.”

“அது சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நாம பாத்து வாங்கினதுடி!”

கும்சுன் கோட்டை உதறித் தங்கைக்கு மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டாள். கை அரை விரல் சுருங்கியது. மால்சுன் வேலைக்குப் புறப்பட்டாள்.